வாசல் நடையில் தஞ்சாவூர்ப் படம்: எந்தச் சுவர், எந்த உயரம், எப்படி மாட்டுவது?

#1 வேளச்சேரி வாசல்

வணக்கம். சென்னை, மூன்றாவது மாடி, மேற்கு வாசல். கதவைத் திறந்ததும் 4 அடி அகலத்தில் 7 அடி நீளத்துக்கு ஒரு நடை. அது முடியும் இடத்தில், வாசலுக்கு நேராக, 3½ அடி அகலச் சுவர். அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் ஹால். ஃபால்ஸ் சீலிங் 8½ அடி உயரத்தில் இருக்கிறது.

வலது சுவரில் கதவை ஒட்டி ஸ்விட்ச் போர்டு, அதற்கு மேலே எம்சிபி பெட்டி (மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சுகள் உள்ள பெட்டி, 14 × 10 அங்குலம்). அதைத் தாண்டி 4 அடி அகலச் செருப்பு அலமாரி வரப்போகிறது, உயரம் 3½ அடி. இடது சுவருக்குப் பின்னால் பாத்ரூம்.

யோசித்து வைத்திருப்பது இது: நேர்ச்சுவரில் தஞ்சாவூர்ப் படம் (வெண்ணெய் கிருஷ்ணர், ஃப்ரேமோடு 24 × 30 அங்குலம்). இடது சுவரில் கலம்காரித் துணி. எம்சிபி பெட்டியை மறைக்க ஒரு படம். அலமாரிக்கு மேல் சின்னதாக மூன்று. நிலைப்படி கிரானைட்டில் பெயின்ட் கோலம். எதுவும் இன்னும் வாங்கவில்லை. என்ன உயரம், என்ன ஆணி, என்ன விளக்கு?

#2 சட்டமும் கண்ணாடியும்

வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டீங்களே, அது போதும். பெரும்பாலும் படம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சுவரைத் தேடுறாங்க.

ஆணியும் உயரமும் கடைசி விஷயம். முதல்ல மூணு கேள்வி. சாயங்காலம் மரக்கதவைத் திறந்துபோட்டு கிரில்லை மட்டும் சாத்தி வைப்பீங்களா, அப்போ வெயில் எதுவரைக்கும் உள்ளே வருது? கதவு எந்தப் பக்கம் மடங்குது? பாத்ரூம் பக்கத்துச் சுவர்ல பெயின்ட் எங்கேயாவது உப்பியிருக்கா?

#3 வேளச்சேரி வாசல்

காற்றுக்காகக் கிரில்லை மட்டும் சாத்துவதுதான் வழக்கம். ஐந்து மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் நேர்ச்சுவரில் நேர் வெயில். கதவு இடது பக்கம் மடங்கும், 3½ அடிக் கதவு. இடது சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை பெயின்ட் லேசாக உப்பி, தொட்டால் மாவாக உதிர்கிறது.

#4 பொன்ரேக்கு

அப்படியானால் அந்த நடையில் தஞ்சாவூர்ப் படத்துக்கு இடமே இல்லை. காரணம் சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் படம் ஒரே பொருள் அல்ல, அடுக்கு. அடியில் பலகை (முன்பு பலா, இப்போது பெரும்பாலும் ப்ளைவுட்), அதன்மேல் ஒட்டிய துணி, அதன்மேல் சுக்கான் மாவும் (சுண்ணாம்புக்கல் பொடி) பசையும் கலந்த பூச்சு, அதன்மேல் மக்கு என்னும் கெட்டிப் பசை வைத்து எழுப்பிய நகை, தூண், திரைச்சீலை. அதற்கு மேல் கல்லும் தங்க ரேக்கும் (மிக மெல்லிய தகடு), கடைசியாக வண்ணம். பலகை ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். சுக்கான் பூச்சு அதோடு சேர்ந்து வளையாது. தினமும் முக்கால் மணி நேரம் சூடாகி, இரவில் கடற்காற்று ஈரத்தைக் குடித்து, மறுநாள் மறுபடி சூடானால் மக்கு எழும்பிய இடங்களின் ஓரத்தில்தான் முதல் மயிரிழை வெடிப்பு தெரியும். அதற்குப் பிறகு கல் கழன்று விழும். 22 காரட் ரேக்கு வெளுக்காது, கறுக்காது. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் மக்கு விட்டால் ரேக்கு என்ன செய்யும்?

இன்னொன்று. மலிவுப் படங்களில் தங்கத்துக்குப் பதில் செம்பு கலந்த பளபளப்புத் தாள் ஒட்டுகிறார்கள். சென்னைக் காற்றில் அது பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும், துடைத்தாலும் போகாது. ரேக்கு அசல்தானா என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இடது சுவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓதம் (ஈரக்கசிவு) ஏறும் சுவரில் பலகைப் படத்தை மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிப்பது முன்பக்கம் தெரிவதற்குள் ப்ளைவுட் பிரிந்துவிடும்.

#5 முகப்புத் தூண்

பொன்ரேக்கு சொல்வது கொஞ்சம் கெடுபிடி. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலேயே, தலைக்கு மேல் வரிசையாகச் சாமி படங்கள் காலம் காலமாகத் தொங்குகின்றனவே? யூவி தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டால் போதாதா?

#6 பொன்ரேக்கு

அந்த முகப்பில் வெயில் நேராக விழாது. ஆழமான தாழ்வாரம், தடித்த சுவர், உயரமான கூரை. படம் மாட்டும் கோட்டுக்குப் பகல் முழுக்க நிழல்தான். ஃப்ளாட்டில் 4 அடி நடையை அதோடு ஒப்பிடக் கூடாது.

யூவி கண்ணாடி நிறம் வெளுப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சூட்டை நிறுத்தாது. மூடிய பெட்டிக்குள் வெயில் அடித்தால் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம்.

படத்தை ஹாலில் மாட்டுங்கள். நடையிலிருந்து திரும்பும்போது கண்ணில் படும் உள்சுவர் ஏதாவது இருக்கும். வெளிச்சுவராகவோ பாத்ரூம் சுவராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. மக்கு எழும்பிய உயரத்துக்கு மேல் இன்னும் 5 மி.மீ. இடைவெளி வரும்படி உள்பீடிங் (ஃப்ரேமுக்குள் வைக்கும் மெல்லிய சட்டம்) கேளுங்கள். கண்ணாடி தொட்டால் ஈரக் காலத்தில் வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது முகமே பெயர்ந்து வரும். ஈரத் துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் படத்தின் மேல் படக் கூடாது. ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துக் கண்ணாடியின் நடுவில் மட்டும் துடையுங்கள். நேராக அடித்தால் ஓரத்தில் இறங்கி உள்ளே போகும்.

#7 சட்டமும் கண்ணாடியும்

அளவுக் கணக்கும் பொன்ரேக்கு பக்கம்தான். ஒரு படத்தை முழுசாப் பார்க்க அதோட மூலைவிட்டம் மாதிரி ஒன்றரை மடங்கு தள்ளி நிக்கணும். 24 × 30 படத்துக்கு மூலைவிட்டம் 38 அங்குலம் கிட்ட, ஒன்றரை மடங்கு 57 அங்குலம். பக்கச் சுவர்ல மாட்டினா 4 அடி நடையில அவ்வளவு தூரமே கிடையாது. நேர்ச்சுவர்ல தூரம் உண்டு, ஆனா வெயில். அதனால பெரிய படம்னா நேர்ச்சுவர்தான், அதுவும் வெயிலுக்கு அசையாத பொருளா இருக்கணும். பித்தளை, சுடுமண், கல், சிமென்ட் டைல்ஸ்.

கலம்காரியும் இதே கதைதான். இயற்கைச் சாயத்துல மஞ்சள்தான் முதல்ல போகும். மஞ்சள் போனா பச்சையும் போச்சு, நீலத்து மேல மஞ்சள் ஏத்தித்தானே பச்சை எடுக்கிறாங்க. கறுப்புக் கோடும் சிவப்பும் நீலமும் மட்டும் மிஞ்சும். கலம்காரியை ஹாலுக்கோ படுக்கையறைக்கோ கொண்டுபோங்க.

#8 வேளச்சேரி வாசல்

நேர்ச்சுவருக்கு ஆத்தங்குடி டைல்ஸ் (செட்டிநாட்டுச் சிமென்ட் டைல்ஸ்) சரியாக வருமா? ஆறு கல் சேர்த்து ஒரு படம் போல.

#9 கொத்துக்கரண்டி

வரும், நல்லாவே வரும். ஆக்சைடு நிறம், வெயில் ஒண்ணும் பண்ணாது. ஆனா எடையைக் கணக்குப் போடுங்க. 8 × 8 அங்குலக் கல், கனம் 2 செ.மீ.ன்னா ஒண்ணு ஒன்றே முக்கால் கிலோ வரும். ரெண்டு வரிசை, மூணு உயரம், ஆறு கல் பத்தரை கிலோ. பின்பலகை, சட்டம் சேர்த்தா 14 கிலோ வரைக்கும் வைங்க.

ரெண்டு வழி. முதல் வழி, சுவர்லயே ஒட்டுறது. அப்படின்னா அந்த 16 × 24 அங்குல இடத்துல பெயின்ட், பட்டி (பெயின்ட்டுக்கு அடியில இருக்கிற வெள்ளைப் பூச்சு) ரெண்டையும் முழுசாச் சுரண்டிச் சிமென்ட் பூச்சு தெரியணும். பட்டி மேல ஒட்டினா பசை பிடிக்கும், பட்டி விடும். கல் விழறதுக்குக் காரணம் முக்கால்வாசி இதுதான். பூச்சைத் தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் வந்தா அதையும் எடுத்துட்டு மறுபடி பூசி, காயவிட்டுத்தான் ஒட்டணும். பாலிமர் கலந்த டைல் பசை, 6 மி.மீ. பல் கரண்டி, கல்லோட முதுகுலயும் ஒரு பூச்சு. கீழ ஒரு ரீப்பர் மரச்சட்டத்தைத் தற்காலிகமா அடிச்சு அதுமேல கல்லை உக்கார வைங்க, 24 மணி நேரம் எடுக்காதீங்க. கையால வார்த்த கல், ஒண்ணுக்கொண்ணு அரை மி.மீ., ஒரு மி.மீ. வித்தியாசம் இருக்கும். ஒட்டி ஒட்டி வைக்காம 2 மி.மீ. சந்து விடுங்க.

ரெண்டாவது வழி, 12 மி.மீ. தண்ணி தாங்குற ப்ளைவுட்ல ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டுறது. வீடு மாறும்போது எடுத்துட்டுப் போகலாம். இதுக்குச் சாதா சிமென்ட் பசை வேணாம், பலகை லேசா வளைஞ்சாலும் கல் விட்டுடும். எபாக்ஸியோ பியூ (பாலியூரித்தேன்) பசையோதான். அதுபோகச் சட்டத்தோட உதடு கல்லு மேல 5 மி.மீ. ஏறி நிக்கணும். பசை விட்டாலும் கல் கீழ விழாது.

துடைக்க வெறும் தண்ணி போதும். ஆசிட் கலந்த டைல்ஸ் கிளீனர் பட்டுச்சுன்னா சிமென்ட் அரிச்சு நிறம் திட்டுத் திட்டா வெளுத்துடும். எலுமிச்சம்பழமும் அப்படித்தான், திருஷ்டி கழிக்கிறேன்னு பக்கத்துல நசுக்காதீங்க.

#10 ஆறு எம்எம் பிட்

14 கிலோவைத் தொங்கவிடணும்னா முதல்ல சுவர் என்ன சாதின்னு தெரியணும். டிரில்ல 6 மி.மீ. பிட்டைப் போட்டு ஒரு ஓட்டை துளைச்சுத் தூளைப் பாருங்க. முதல்ல வெள்ளைத் தூள், அது பட்டி. அப்புறம் சாம்பல், அது பூச்சு, 12லருந்து 15 மி.மீ. அதுக்கப்புறம் வர்றதுதான் முக்கியம். செங்காவி நிறம்னா செங்கல். வெளிறிய சாம்பல் நிறத்துல லேசான தூள், பிட் வெண்ணெய்ல போற மாதிரி போனா ஏஏசி பிளாக் (காத்துக்குமிழ் நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல்). சாம்பல் தூள், பிட் உள்ள போகாம அலறினா கான்கிரீட் தூணோ பீமோ.

செங்கல்னா 8 மி.மீ. நைலான் ப்ளக், 5 மி.மீ. ஸ்க்ரூ, 2½ அங்குல நீளம். ப்ளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள்ள உக்காரணும். பூச்சுக்குள்ளயே நின்னா இழுத்தவுடனே பட்டியோட சேர்ந்து வெளிய வரும். நாலரை அங்குலச் சுவர்தானே, டிரில்லோட ஹேமர் மோடைப் போட்டு அழுத்தாதீங்க, அந்தப் பக்கம் பூச்சு பெயர்ந்துடும். பூச்சுல ஹேமர் இல்லாம ஆரம்பிச்சு, செங்கல்ல லேசா ஹேமர். பிட்டுல 65 மி.மீ.ல ஒரு இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க, அதுதான் ஆழத்துக்கு அளவு. ஓட்டையை ஊதித் தூளை எடுக்காம ப்ளக்கை அடிச்சா பாதியில நிக்கும்.

ஏஏசியா இருந்தா சாதா ப்ளக் சுழலும், பிடிக்காது. அதுக்குன்னே அகலமான திருகுப் பல்லோட தனி ப்ளக் விக்குது, அதை வாங்குங்க. ஏஏசியில ஹேமர் கூடவே கூடாது. கான்கிரீட்னா ரோட்டரி ஹேமர் இல்லாம முயற்சி பண்ணாதீங்க. கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால அடிக்கிற வேலையும் வேணாம், பூச்சு தட்டாக் கழண்டு வரும்.

மாட்டுற முறை: ரெண்டு ஸ்க்ரூ, கயிறு எல்லாம் இதுக்கு ஆகாது. 12 அங்குல நீளத்துல 18 மி.மீ. கன ரீப்பரை நீளவாக்குல 45 டிகிரி சாய்வா ரெண்டா அறுங்க. ஒரு பாதி சுவர்ல, சாய்வு மேல் நோக்கி, சுவர்ப் பக்கம் பள்ளமா. மறுபாதி படத்தோட முதுகுல, தலைகீழா. தூக்கி மேல வெச்சு இறக்கினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கும். சுவர் ரீப்பருக்கு மூணு ஸ்க்ரூ. படத்தோட கீழ் ஓரத்துல அதே கனத்துக்கு ஒரு துண்டு ரீப்பர் ஒட்டணும், இல்லாட்டா படம் கீழ சுவரைப் பார்த்துச் சாஞ்சு நிக்கும். இந்தத் துண்டை எல்லாரும் மறந்துடுறாங்க.

கடல் பக்கத்துல இருக்கிறதால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, 304 போதும். ஜிங்க் பூசினதுல துரு ஒழுகிச் சுவர்ல கோடு விழும்.

#11 வயர்மேன் திருச்சி

எம்சிபி பெட்டியை மறைப்பது பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் நான்.

மறைக்கலாம், பூட்டக் கூடாது. இருட்டில், ஒரு கையால், ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். சாவி கொக்கி, முகக்கவசம், பை எதையும் அந்த ஃப்ரேமில் தொங்கவிட வேண்டாம். கொக்கியில் மாட்டும் படமும் வேண்டாம். ட்ரிப் ஆன நேரத்தில் இருட்டில் கழற்றி எங்கே வைப்பது? ஒரு பக்கம் கீல், மறுபக்கம் காந்தப் பிடி, இதுதான் முறை.

பெட்டி சுவரிலிருந்து ஒரு அங்குலமாவது துருத்தி நிற்கும், கதவுக் கைப்பிடி இன்னும் கொஞ்சம். அதனால் ஃப்ரேமின் உள் ஆழம் 2 அங்குலம் வையுங்கள். நாலு பக்கமும் பெட்டியைவிட 3 அங்குலம் கூடுதல், அதாவது 20 × 16. மேலும் கீழும் அரை அங்குலம் திறப்பு விடுங்கள், உள்ளே சூடு தேங்கக் கூடாது. அங்கே துணியோ காய்ந்த ஓலையோ வைக்காதீர்கள். கேன்வாஸைவிட அலுமினிய ஷீட்டில் அச்சடித்த படம் நல்லது. பெட்டியின் சொந்தக் கதவு எப்போதும் மூடியே இருக்க வேண்டும், அதைக் கழற்றிவிட்டுப் படத்தையே கதவாக்குகிற வேலை ஆபத்து.

துளை போடும் இடம்: குழாய்கள் பெரும்பாலும் பெட்டியின் மேலிருந்து இறங்கும், கீழே ஸ்விட்ச் போர்டுக்குப் போகும். பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது. கீல் பக்க ரீப்பரை மட்டும் பக்கவாட்டில் திருகுங்கள், அதுவும் வயர் கண்டுபிடிக்கும் கருவி வைத்துப் பார்த்த பிறகு. பெட்டியின் தகட்டில் ஸ்க்ரூ அடிக்கவே வேண்டாம்.

ஆர்சிசிபியில் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது. படத்தால் மறைத்தபின் அதை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை அழுத்துங்கள், பட்டென்று விழ வேண்டும்.

#12 மாடிப்படி

அலமாரிக்கு மேல் மூன்று படம் என்றீர்கள். சாமி படம் இல்லையே? செருப்புக்கு மேலே சாமி வேண்டாம்.

#13 முகப்புத் தூண்

வாசலில் பிள்ளையார் இல்லாமல் எப்படி என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்களே. நிலைக்கு மேல், உள்பக்கம் வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கஜலட்சுமியை நிலையின் மேல்கட்டையிலேயே செதுக்கும் மரபு இருக்கிறது, அதுவே அழகு. ஆனால் நிலைக்கு மேல் கனமான எதையும் மாட்ட வேண்டாம், கதவு அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் அதிரும். நாலைந்து அங்குலப் பித்தளைப் பிள்ளையார் போதும்.

#14 சட்டமும் கண்ணாடியும்

அலமாரிக்கு மேலே நீலகிரி குறும்பர் ஓவியம் மாதிரி ஏதாவது போடலாம். தேன் எடுக்கிற காட்சி, ஆட்டம், கோடு கோடா மனுஷங்க. காவியும் கறுப்புமா இருக்கும், சின்ன அளவுலயும் தெளிவாத் தெரியும். பக்கத்துல நின்னு பார்க்கிற இடத்துக்கு நுணுக்கமான கோட்டு வேலைதான் பொருத்தம். தூரத்துலருந்து பார்க்கிற நேர்ச்சுவருக்குப் பெரிய உருவம், கொஞ்ச நிறம்.

அளவு: கீழ இருக்கிற மரச்சாமான் அகலத்துல மூணுல ரெண்டு பங்கு. 48 அங்குல அலமாரிக்கு 32 அங்குலம். ஃப்ரேம் ஒண்ணு 9 அங்குல அகலம், நடுவுல 2½ அங்குல இடைவெளி, 27ம் 5ம் 32. கணக்கு நேரா வருது. அலமாரி மேல்தட்டுலருந்து ஃப்ரேம் அடி வரைக்கும் 8 அங்குலம். அதுக்கு மேல போனா படம் மிதக்கும், குறைஞ்சா சாவிக்கிண்ணமும் பூஜாடியும் மறைக்கும்.

தாள் ஓவியத்துக்கு ஃப்ரேம் கடையில இதைச் சொல்லுங்க: அமிலமில்லாத மவுன்ட் போர்டு, மேலயும் பின்னாலயும். ஓவியத்தை முழுசாப் பசை தடவி ஒட்டக் கூடாது, மேல் ஓரத்துல ரெண்டு இடத்துல மட்டும் மெல்லிய தாள் கீல். செல்லோ டேப் ஒட்டினா கொஞ்ச வருஷத்துல மஞ்சள் கறை ஊறி முன்னால வந்துடும். பின்னால வெறும் ஹார்ட்போர்டை நேரா வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு, அதுல அமிலமும் உண்டு, ராமபாணப் பூச்சிக்கு வாசலும் அதுதான். சுத்திவர பிரவுன் டேப் போட்டுச் சந்தை மூடச் சொல்லுங்க.

கண்ணாடியா அக்ரிலிக்கா? இந்த நடைக்கு அக்ரிலிக், 2 மி.மீ. ஸ்கூல் பை, குடை, சைக்கிள் ஹேண்டில் எல்லாம் இடிக்கிற உயரம் இது. உடையாது. ஆனா காய்ந்த துணியால தேய்ச்சா கீறலும் விழும், தூசியும் ஒட்டும், ஈரமான மைக்ரோஃபைபர்தான்.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவுல ஒரு கொக்கி வேணாம், ரெண்டு பக்கமும் டி வளையம், ரெண்டு ஸ்க்ரூ. கதவு சாத்துற அதிர்வுல ஒத்தைக் கொக்கிப் படம் வாரம் ஒரு தடவை கோணும். கீழ் மூலைகள்ல ரப்பர் பொட்டு ஒட்டுங்க, சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும்.

#15 காவிக்கோடு

கோலம் பற்றி. மெருகேற்றிய கிரானைட்டில் எனாமல் பெயின்ட் பிடிக்காது. கல்லில் துளை மிகக் குறைவு, பெயின்ட் மேலே தோலாக நிற்கிறது. மாப் போடப் போட ஓரத்தில் கிளம்பிப் பட்டை பட்டையாக உரியும். பாதி உரிந்த கோலத்தைப் போல வாசலைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. ஸ்டிக்கர் கோலத்தில் ஓரமெல்லாம் அழுக்குக் கோடு, ஈரக்காலில் வழுக்கும்.

நிலையாக வேண்டுமென்றால் கல்லில் ஒன்று, ஒன்றரை மி.மீ. ஆழத்துக்குக் கோடு வெட்டி வெள்ளை எபாக்ஸி நிரப்பி, மட்டமாகத் தேய்க்க வேண்டும். கிரானைட் கடையில் சிஎன்சி (கணினி வழியே வெட்டும் இயந்திரம்) இருந்தால் செய்து தருவார்கள். கல் பதிப்பதற்கு முன் செய்தால் சுலபம், பதித்தபின் வீடெல்லாம் தூசி. கோடு 6 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய சிக்குக் கோலம் வெட்டில் தெளிவாக வராது, அகலக் கோட்டில் படிக்கோலம் போடுங்கள், அந்த நீளப் படிக்கு அளவும் பொருந்தும். காவியை ஓரத்தில் மட்டும்.

இல்லையென்றால் தினமும் கையால் போடுவதுதான். வீட்டுக்கு உள்ளே மார்பிள் தரை என்றால் கடையில் விற்கும் கோலமாவு வேண்டாம். அது கல்பொடி, மிதிபட்டால் மார்பிளைத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடும். அரிசி மாவு போதும். எறும்பு வரும், வரட்டும், அதற்குத்தானே போடுவது.

#16 மந்தைவெளி வாடகை

இடையில் ஒரு கேள்வி. வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். ஒட்டும் பட்டைகள் நிற்குமா?

#17 ஆறு எம்எம் பிட்

செல்லோ டேப்பை ஆறு அங்குலம் சுவர்ல நல்லா அழுத்தி ஒட்டி, வெடுக்குன்னு உரிங்க. டேப்ல வெள்ளை மாவு ஒட்டிட்டு வந்தா அது டிஸ்டம்பரோ சுண்ணாம்போ, எந்தப் பட்டையும் நிக்காது. ஒண்ணும் வரலைன்னா பிளாஸ்டிக் எமல்ஷன், நிக்கும். பாக்கெட்ல போட்டிருக்கிற எடையில பாதியை மட்டும் நம்புங்க, சென்னை ஈரத்துக்கு அதுதான் கணக்கு. ஒட்டுற இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, பட்டையை 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் படம். எடுக்கும்போது பட்டையைச் சுவரோட ஒட்டினாப்ல கீழ் நோக்கி இழுக்கணும், உங்க பக்கம் இழுத்தா பெயின்ட்டும் கூட வரும்.

கண்ணாடி போட்ட படத்தை இப்படி மாட்டாதீங்க. அலமாரி மேல சாய்ச்சு வைங்க, அதுவும் அழகுதான்.

#18 வேளச்சேரி வாசல்

எல்லோருக்கும் நன்றி. திட்டம் தலைகீழாகிவிட்டது. நேர்ச்சுவரில் ஆறு கல் ஆத்தங்குடி, பலகையில் ஒட்டிச் சட்டம் போட்டு, சாய்வு ரீப்பரில். அலமாரிக்கு மேல் மூன்று குறும்பர் ஓவியம். எம்சிபிக்கு அலுமினிய ஷீட் படம், கீல் வைத்து. கிருஷ்ணர் ஹாலில், ஓதமில்லாத உள்சுவரில். இடது சுவர் காலி. அந்த உப்பலுக்கு என்ன செய்வது? அப்புறம் நேர்ச்சுவருக்கு விளக்கு எங்கே வைப்பது, படத்தின் நடு எந்த உயரத்தில் வர வேண்டும்?

#19 கொத்துக்கரண்டி

உப்பல் பாத்ரூம் பக்கத்துக் கோளாறு, நடைப் பக்கம் பெயின்ட் அடிச்சா மூணு மாசத்துல திரும்ப வரும். முதல்ல நிச்சயம் பண்ணிக்கோங்க: உப்பின பெயின்ட்டைச் சுரண்டி, ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்க. ஷீட்டோட சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ளருந்துதான் வருது. அப்போ பாத்ரூம்ல டைல்ஸ் சந்து, தரை மூலை, குழாய் இணைப்பு எல்லாத்தையும் பார்க்கணும். சந்துல கிரவுட் (சந்தை அடைக்கிற கலவை) போயிருந்தா எபாக்ஸி கிரவுட் போடுங்க. ஈரம் நின்ன பிறகு சுவர் காய நேரம் கொடுங்க, மறுபடி அதே ஷீட் சோதனை. காய்ஞ்ச பிறகுதான் பூச்சும் பெயின்ட்டும்.

அதுவரைக்கும் அந்தச் சுவர்ல ஒண்ணும் வேணாம். கதவு திறந்தா பாதிச் சுவர் எப்படியும் மறைஞ்சுதான் போகுது.

#20 வயர்மேன் திருச்சி

விளக்கு கணக்கு: சீலிங் உயரத்திலிருந்து படத்தின் நடு உயரத்தைக் கழித்து, 0.58ஆல் பெருக்குங்கள். அதுதான் சுவரிலிருந்து விளக்கு தள்ளி இருக்க வேண்டிய தூரம், 30 டிகிரி சாய்வு கிடைக்கும். படத்தின் நடு 60 அங்குல உயரத்தில் என்று வைத்தால், உங்களுக்கு 102 அங்குலத்தில் 60 போக 42. பெருக்கினால் 24 அங்குலம். நேர்ச்சுவரிலிருந்து 2 அடி தள்ளி, நடையின் அகலத்துக்கு நடுவில். இதைவிடச் சுவரை ஒட்டினால் சட்டத்தின் நிழல் கல்லின் மேல் விழும், தள்ளினால் ஹாலிலிருந்து வருபவர் கண்ணில் அடிக்கும்.

திருப்பக்கூடிய எல்இடி ஸ்பாட், 5லிருந்து 7 வாட், ஒளிக்கற்றை 24 அல்லது 36 டிகிரி. 3000 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல். பகல் வெள்ளை விளக்கு போட்டால் ஆத்தங்குடிச் சிவப்பு செத்த நிறமாகத் தெரியும். பக்கத்துச் சுவரின் மூன்று படங்களுக்குத் தனி ஸ்பாட் தேவையில்லை, அக்ரிலிக்கில் பளிச்சென்று பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். நடையின் பொது விளக்கே போதும்.

#21 ஆறு எம்எம் பிட்

நடு உயரம் தரையிலருந்து 57லருந்து 60 அங்குலத்துக்குள்ள. நேர்ச்சுவருக்குக் கீழ ஒண்ணும் இல்லைன்னா 58 வைங்க, விளக்குத் தூரம் ஒரு அங்குலம்தான் மாறும். ஆனா நடு வேற, ரீப்பர் உயரம் வேற. படத்தை மேசை மேல குப்புறப் போட்டு, முதுகு ரீப்பரோட சாய்வு படத்தோட முதுகைத் தொடுற இடத்துலருந்து படத்தோட நடுக்கோடு வரைக்கும் அளந்து, அதை 58 கூடக் கூட்டுங்க. அந்த உயரத்துல சுவர் ரீப்பரோட மேல் முனை வரணும்.

கோடு போட ரசமட்டம் வைங்க. தரை டைல்ஸ்லருந்து ரெண்டு பக்கமும் அளந்து கோடு போடாதீங்க, வாசல் பக்கம் தண்ணி ஓட்டத்துக்காகத் தரை சாய்வா இருந்தா படமும் கோணும். ஃபால்ஸ் சீலிங்கையும் நம்பாதீங்க. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி 16 × 24க்குச் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால ஒட்டி, வாசல்ல நின்னு ஒருத்தர் பார்க்கட்டும். கிரில் குறுக்குக் கம்பி சரியாக் கல்லோட நடுவுல விழுந்து மறைச்சா, ரெண்டு அங்குலம் ஏத்தி இறக்கிக்கலாம்.